பத்திரிகையில் மெலிந்தவள்

சிவகாமியம்மாள் மூன்று மாதத்தில் நாற்பது ராத்தல் மெலிந்துவிட்டாள் என்று மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்திருந்தது. அந்தப் பத்திரிகை திருவனந்தபுரம் வலியசாலையிலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்து சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை சுவரைத் தேடும் உடம்பு. கல்யாணமான நாளிலிருந்து அது ஏறியதே தவிர இறங்கியதில்லை.

பத்திரிகையை விரித்துக் காட்டியவர் அவள் கணவர் குற்றாலலிங்கம் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல், பருப்பு, காயம் எல்லாம் மொத்தமாக விற்பவர். மனைவிக்கு ஒன்றைக் காட்டவேண்டும் என்று மத்தியானத்தில் கடையை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தன. இடது பக்கத்தில் ‘அன்று’. ஸ்டூடியோ நாற்காலிக்குள் அடங்காமல், இரண்டு கைகளையும் மடியில் திணித்துக்கொண்டு சிவகாமியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கத்தில் ‘இன்று’. அதே அகன்ற நெற்றி, அதே மூக்கு, அதே கல் கம்மல், அதே அரக்குப் பட்டு. ஆனால் கொடிபோல ஒரு பெண் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே சிவகாமியம்மாளே சொல்வதுபோல எழுதியிருந்தது. காலையில் ஒரு கிண்ணம் லாவண்யா ஃப்ளேக்ஸ் பாலில் போட்டுச் சாப்பிட்டேன், வேறொன்றும் செய்யவில்லை, இன்று என் கணவரே என்னைப் புதுப்பெண் என்கிறார் என்று.

வலது பக்கத்தில் நின்றவள் அவளுடைய தங்கை மங்கலம். மங்கலத்தின் புருஷன் டைபாய்டில் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. படத்தில் அவள் நெற்றி நிறையக் குங்குமம் இருந்தது.

“இந்தப் படம் பம்பாய்க் கடையில வைக்கதுக்குன்னுல்லா சொன்னீங்க” என்றாள் சிவகாமியம்மாள்.

லாவண்யா கம்பெனிக்காரன் தனக்கும் சொல்லாமல் போட்டுவிட்டான் என்றார் பிள்ளை. பிறகு, “சாரமில்ல, போகட்டும். நம்ம சனத்துல எவன் இதையெல்லாம் வாசிக்கான்?” என்று பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேருக்கு ரவிக்கை தோளில் நிற்காது. டப்பா எதையும் வாங்காமலே அவர்கள் மெலிந்திருந்தார்கள். அதே ஊரில் காசு கொடுத்து மெலிய ஆசைப்படுகிறவர்களும் இருந்தார்கள். கோட்டைக்குள்ளும் சாஸ்தமங்கலத்துப் பங்களாக்களிலும் அவர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தவர் பிள்ளை. பலசரக்கில் கட்டுப்பாடு அதிகமாகி வியாபாரம் படுத்துப்போன நேரத்தில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் ஏஜென்ஸியைப் பிடித்தார். கோதுமையை அவித்துத் தட்டி உலர்த்திப் பளபளப்பான டப்பாவில் அடைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அதை டப்பா அவல் என்றார்கள்.

டப்பாக்கள் முதலில் விற்கவில்லை. கம்பெனியின் மெட்ராஸ் ஆள் ஒருவன் விசாரிக்க வந்தான். பிள்ளை அவனை வீட்டுக்கு அழைத்துவந்து இலை போட்டார். அக்காளும் தங்கையும் மாறி மாறிப் பரிமாறினார்கள். அவன் சாப்பிடுவதை விட்டு இருவர் முகத்தையும் பார்த்தான். கை கழுவும்போது பிள்ளையிடம், ஒரே முகத்தை இரண்டு அளவில் செய்து வீட்டில் வைத்துக்கொண்டு விளம்பரத்துக்கு ஆள் தேடுகிறீர்களே என்று கேட்டானாம்.

பிள்ளை மங்கலத்திடம் நேராகக் கேட்கவில்லை. மனைவியிடம் சொல்லிக் கேட்கச் சொன்னார். சிவகாமியம்மாளும் கேட்டாள். இதைத்தான் பிற்பாடு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் பிள்ளை ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார், பிறகு விட்டிருப்பார். ஆனால் மங்கலம் அவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவள். அதைப் பிள்ளை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாததாலேயே அது வீட்டில் எப்போதும் இருந்தது. அதோடு, ஒரே ஒரு நாள் அவள் கலர்ச் சேலை கட்டினால் என்ன என்ற ஆசையும் அக்காளின் மனசில் எங்கோ இருந்தது.

மங்கலம் கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, “அத்தானுக்கு உபகாரம்னா சரி. ஆனா உலகுக்குத் தெரியக் கூடாதுக்கா” என்றாள்.

உலகு என்று அவள் சொன்னது அவளுடைய ஒரே மகள் உலகம்மையை. பத்து வயசு. தென்காசியில் பெரியப்பா ஆறுமுகநயினார் வீட்டில் வளர்ந்தாள். எங்கள் ரத்தம் எங்கள் வீட்டில்தான் வளரும் என்று தம்பியின் காரியம் முடிந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். மங்கலத்துக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் அடைத்ததும் கோடையில் ஒரு மாசம் குழந்தையைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவார்கள். மற்ற பதினொரு மாசமும் மங்கலம் அந்த ஒரு மாசத்துக்காக இருந்தாள். மத்தியானம் ஒரு நேரம் சோறு, ராத்திரி மோர். சஷ்டி, பிரதோஷம், அமாவாசை என்றால் அந்தச் சோறும் இல்லை.

ஸ்டூடியோவுக்குப் போன அன்று சிவகாமியம்மாளே தங்கைக்குச் சேலை கட்டிவிட்டாள். தன் கம்மலைக் கழற்றிப் போட்டாள். இரட்டை வடச் சங்கிலியைப் போட்டாள். குங்குமச் சிமிழை நீட்டியபோது மங்கலத்தின் விரல் அதைத் தொடவே இல்லை. சிவகாமியம்மாள்தான் வைத்துவிட்டாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோது மங்கலம் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சிவகாமியம்மாளுக்கு, இவ்வளவு அழகை ஆறு வருஷமாக வீட்டின் பின்கட்டில் வைத்திருந்தோமா என்று இருந்தது.

பத்திரிகை வந்தபின் டப்பாக்கள் நகர ஆரம்பித்தன. நகர்ந்ததோடு நிற்காமல், அந்த அம்மாளைப் பார்க்கவேண்டும் என்று வாங்கியவர்கள் கடைக்குச் சொல்லியனுப்பினார்கள். பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராத லாபத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மங்கலம் முன்கூடத்தில் உட்காருவாள். சிவகாமி அந்த நேரம் அடுக்களையை விட்டு வெளியே வரவேண்டாம்.

“அவ உங்க பொண்டாட்டின்னு உக்காரணுமா?”

“ஒரு மணி நேரத்துக்கு. நான் அந்தப் பக்கம்கூட வரமாட்டேன். உன் பேருக்குத்தான பெருமை?”

முதலில் வந்தவள் விஜயலக்ஷ்மி. செக்ரெட்டேரியட்டில் பெரிய உத்தியோகத்திலிருந்த பஞ்சாபகேசனின் மனைவி. ஸ்ரீவராகத்தில் வீடு. நல்ல மனசுக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும், எடையைக் குறைக்காவிட்டால் இருதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார் என்றும், பட்டினி மட்டும் கிடக்கச் சொல்லாமல் வேறு வழி உண்டா என்று தேடி வந்ததாகவும் சொன்னாள். அவளைத் தொடர்ந்து வக்கீல் வீட்டுப் பெண்கள், கிளப்புக்குப் போகிற பெண்கள் என்று ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பேர் மூன்று பேர் வந்தார்கள்.

அடுக்களைக் கதவு ஒட்டச் சாத்தாது. சிவகாமியம்மாள் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டு கேட்டாள். “சிவகாமியம்மா, உங்களுக்கு முன்னாடி முட்டி வலிச்சுதா?” என்று யாராவது கேட்பார்கள். “வலிச்சுதும்மா, இப்ப இல்ல” என்று மங்கலம் சொல்வாள். வலித்த முட்டி அடுக்களையில் நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் காப்பித் தட்டைக் கதவிடுக்கில் நீட்டியபோது அவளுடைய கையை ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கடையிலிருந்து டப்பா கொண்டுவந்த பிள்ளை வாசலில் நின்றபடியே ஆமாம் என்றார். அன்று ராத்திரி அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மறந்தே போயிருந்தார்.

வந்தவர்களுக்குப் போகும்போது குங்குமம் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை வேறு. கொடுக்காவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று பிள்ளை சொல்லியிருந்தார். மங்கலம் சிமிழை எடுத்து நீட்டுவாள். உள்ளேயிருந்து பார்க்கும்போதெல்லாம் சிவகாமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் இரண்டு வாரம் விருந்தாளிகளின் வண்டி தெருமுனை திரும்பும் முன்பே மங்கலம் கிணற்றடிக்குப் போய் நெற்றியைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சேலைக்கு மாறிவிடுவாள். அப்புறம் கொஞ்சம் தாமதமாயிற்று. ஒருநாள் விளக்கு வைக்கும் வரை அரக்குப் பட்டிலேயே இருந்தாள். பவழமல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். சிவகாமியம்மாள் பார்த்தாள். தன் சேலை, தன் கம்மல், தன் பெயர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தன் புருஷன் வீட்டில் ஒருத்தி நடமாடினால் எரிச்சல் வரவேண்டும். வந்தது. ஆனால் அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம்தான் அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். படத்தில் இருப்பது தங்கை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் திறந்தாள். உலகம்மை வருவதற்குள் தான் மெலிந்துவிட்டால் இந்தக் கூத்து முடிந்துவிடும், தானே கூடத்தில் போய் உட்காரலாம், மங்கலத்துக்கும் பயம் இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் அரக்குப் பட்டு தன் மேலும் அப்படி விழுந்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. காலையில் ஒரு கிண்ணம், பாலில் போட்டு. மாட்டுக்குக் காட்டும் தவிட்டு வாசனை. ஆறு வாரம் தின்றாள். அரிசி மண்டியில் எடை பார்த்தபோது இரண்டு ராத்தல் கூடியிருந்தது.

பிள்ளைக்குத் தெரிந்தபோது அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. குழந்தை கண்ணாடியில் தெரியும் நிலாவைக் கேட்டால் சிரிப்பதுபோல.

“ராத்திரிச் சோத்தை நிறுத்தினா யாரும் மெலிவா. கம்பெனிக்காரனே எங்கிட்டச் சொன்னான். அதைப் பத்திரிகையில போட்டா டப்பாவை எவ வாங்குவா?”

சிவகாமியம்மாள் ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பழக்கமில்லாத உடம்பு. நான்காம் நாள் தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தவள் ஆட்டுக்கல் மேலேயே சாய்ந்துவிட்டாள். மங்கலம் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள்.

“உனக்கு எதுக்குக்கா இது? எனக்குத்தான் விதிச்சிருக்கு. ராத்திரி ஆனா வயிறு என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியும். ஆறு வருசமா நான் பசியில்லாமத் தூங்கினதில்ல” என்றாள்.

இருவரும் ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தும் இதை அவள் சொன்னது அன்றுதான். சிவகாமியம்மாள் சோற்றை விழுங்கினாள். அன்று ராத்திரி நீயும் சாப்பிடு என்று தங்கையிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சொல்லியிருந்தால் மங்கலம் சாப்பிட்டிருக்கமாட்டாள். ஆனால் அவள் சொல்லவே இல்லை.

பங்குனி கடைசியில் ஆறுமுகநயினார் வந்தார். பள்ளிக்கூடம் அடைக்க இரண்டு வாரம் இருந்தது. வழக்கமாகக் கடிதம் போட்டுவிட்டு, குழந்தையோடு வருவார். இந்தத் தடவை கடிதமும் இல்லை, குழந்தையும் இல்லை. மெட்ராஸ் பத்திரிகை தென்காசிக்கும் போகும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. அவர் தானே கண்ணால் பார்க்க வந்திருந்தார். வெள்ளிக்கிழமையாக அமைந்துபோனதுதான் கொடுமை.

கூடத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மங்கலம் அரக்குப் பட்டும் குங்குமமுமாகத் தன் வீட்டுக்காரருக்கு இந்த உணவு எவ்வளவு பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழவே நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். அப்படியே நின்றாள். வந்திருந்த பெண்கள் யாரோ கடைக்கு வந்தவர் என்று நினைத்துப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஆறுமுகநயினார் உள்ளே வரவில்லை. பெண்கள் கிளம்பும் வரை தெருவில் வேப்பமரத்தடியில் நின்றார். கடையிலிருந்து பிள்ளை ஓடிவந்து வியாபாரம், விளம்பரம், ஒரு மணி நேர வேஷம் என்று எடுத்துச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அண்ணாச்சி, உங்க வியாபாரத்தை நான் குத்தம் சொல்லல” என்றார். “எந்தம்பி பொண்டாட்டி பொட்டு வச்சிக்கிட்டு இன்னொருத்தர் பொண்டாட்டின்னு நாலு பேர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கா. அதை எங்காதால கேட்டேன். நாளைக்கு உலகுக்கு ஒரு எடம் பார்க்கும்போது நான் என்ன சொல்லட்டும்?”

தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போனார். குழந்தையை இனி அனுப்பமுடியாது என்பதை அவர் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மங்கலம் அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்து, பரணிலிருந்த சிறிய டிரங்குப் பெட்டியை இறக்கினாள். மகளுக்காகத் தைத்துவைத்திருந்த பாவாடைகள் அதில் இருந்தன. எல்லாவற்றையும் உதறிக் கொடியில் போட்டாள். பிறகு மறுபடி மடித்து வைத்தாள். சிவகாமியம்மாள் பக்கத்தில் போய் நின்றபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவகாமியம்மாள் கணவரிடம் பேசினாள். அதே பத்திரிகையில் அது தவறான படம் என்று போடவேண்டும், அதைக் கொண்டுபோய் நயினாரிடம் காட்டவேண்டும் என்றாள். பிள்ளை அதிர்ந்துபோனார். அப்படிப் போட்டால் கம்பெனி ஏஜென்ஸியைப் பிடுங்கிவிடும், ஊர் காறித் துப்பும் என்றார். நயினார் கோபம் தணியட்டும், நானே நேரில் போய்ப் பேசிச் சரிப்படுத்துகிறேன் என்றார். அதை அவர் மனசாரத்தான் சொன்னார். அடுத்த வாரம் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சித்திரையும் வைகாசியும் போயின. வெள்ளிக்கிழமை வரவேற்பு மட்டும் நிற்கவில்லை. மங்கலமும் மறுக்கவில்லை. இனி மறுத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தாளோ என்னவோ.

ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. விஜயலக்ஷ்மி ஒரு வக்கீலின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிவகாமியம்மாள் காப்பித் தட்டைக் கதவிடுக்கில் நீட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு தட்டோடு கூடத்துக்கு வந்தாள். தட்டை வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு டம்ளர் சரிந்தது.

“நாந்தான் சிவகாமி. அவுக பொண்டாட்டி நான். இவ என் தங்கச்சி, புருசன் இல்லாதவ. இந்த அவலை அவ நாக்குல வச்சதில்ல. நான் தின்னு பார்த்தேன். ஒண்ணும் ஆகல” என்றாள்.

டப்பாக்களோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இனி வீடு இடிந்து விழும் என்று சிவகாமியம்மாள் காத்திருந்தாள்.

விஜயலக்ஷ்மி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அதானே பார்த்தேன். மூணு மாசத்துல தோள் எலும்புகூடவா சின்னதாகும்னு எங்காத்துல கேட்டார்” என்றாள். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு மங்கலத்தின் பக்கம் திரும்பி, “அப்போ நீங்க என்னதான் சாப்பிடறேள், இப்படி இருக்கேளே?” என்று உண்மையான ஆவலோடு கேட்டாள்.

“மத்தியானம் ஒரு நேரம் சோறும்மா. ராத்திரி மோரு. அவுக போனதுலேர்ந்து.”

விஜயலக்ஷ்மி பெருமூச்சு விட்டாள். “அதெல்லாம் நம்மால முடியுமா? ராத்திரி பசிச்சா எனக்குத் தூக்கமே வராது.” வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். “நீங்க எனக்கு எப்பவும்போல ரெண்டு டப்பா கொடுத்துடுங்கோ. ஆரம்பிச்சாச்சு, பாதியில நிறுத்துவானேன்.”

வக்கீலின் மனைவியும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் எழுந்தபோது மங்கலம் பழக்கத்தில் குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள். விஜயலக்ஷ்மியின் கை பாதி வந்து நின்றது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். இதுவரை எத்தனை வெள்ளிக்கிழமை இந்தக் கையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம் என்று அவள் எண்ணுவது நெற்றியிலேயே தெரிந்தது. டப்பா விஷயத்தில் ஏமாந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இது பட்டது. சிவகாமியம்மாளைப் பார்த்தாள். சிவகாமியம்மாள் தங்கையின் கையிலிருந்து சிமிழை வாங்கி நீட்டினாள். விஜயலக்ஷ்மி அதையும் தொடவில்லை. வேகமாகப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பிள்ளை கோபப்படுவார் என்று சிவகாமியம்மாள் நினைத்தாள். அவர் ராத்திரி வெகுநேரம் யோசித்துவிட்டு, சொன்னதும் ஒருவகையில் நல்லதாகிவிட்டது, இனி வீட்டுக்கு யாரும் வரவேண்டாம், டப்பா தன்னால் போகிறது என்றார். அப்படியே நடந்தது. பத்திரிகையில் அந்த இரண்டு படங்களும் இன்னும் ஒரு வருஷம் வந்துகொண்டிருந்தன.

மங்கலம் மறுவாரம் தனியாக ரயிலேறித் தென்காசிக்குப் போனாள். டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோனாள். இரண்டாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தாள். நடையில் உட்காரவைத்தார்களாம். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றார்களாம். சாயங்காலம் வரை இருந்தபின், குழந்தை பள்ளியிலிருந்தே அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்களாம். கொல்லைப்பக்கம் யாரோ சின்னப்பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் அவள் அந்த வீட்டில் மூன்று மாசம்தான் இருந்தாள். பிள்ளையின் கடையிலிருந்து போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பலசரக்கு போகும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் மனைவி ராஜபாய் ஒருமுறை சாமான் எடுக்க வந்தவள், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். நான் வருகிறேன் என்றாள் மங்கலம். பிள்ளை தடுத்தார். நம் வீட்டுப் பெண் தோட்டத்தில் கூலிக்குப் போவதா என்றார். மங்கலம் பெட்டியைக் கட்டினாள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏற்றிவிட சிவகாமியம்மாள் மட்டும் போனாள். மங்கலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் ஏறுகிறது, வீட்டுக்குப் போ என்று அக்காளிடம் சொன்னாள்.

ஐந்து வருஷத்தில் லாவண்யா ஃப்ளேக்ஸ் ஓய்ந்துவிட்டது. அதே கம்பெனி, நோஞ்சான் குழந்தைகளைக் குண்டாக்கும் மாவு ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளை அதற்கும் ஏஜென்ட். அது இன்னும் நன்றாகப் போயிற்று. விஜயலக்ஷ்மி மட்டும் இருந்த எடையிலேயே இருந்து, பழையபடி கோவிலுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். எதிரே சிவகாமியம்மாளைக் கண்டால் நல்லபடி விசாரிப்பாள்.

ஐம்பத்தாறில் தென்காசியிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை வந்தது. உலகம்மைக்குப் பதினைந்து முடிந்திருந்தது. கடையத்தில் மாப்பிள்ளை. குற்றாலலிங்கம் பிள்ளை குடும்பத்தோடு வரவேண்டும் என்று ஆறுமுகநயினார் கைப்பட எழுதியிருந்தார். மங்கலத்தின் பெயர் எங்குமில்லை. பெண்ணைப் பெற்றவளை விலக்கிவிட்டு, பொய்யைச் சொல்லச் சொன்னவருக்குத் தாம்பூலம் வைக்கிறார்களே என்று சிவகாமியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் வாழ்நாளில் முதல்முறையாகக் கணவரிடம் முடியாது என்று சொன்னாள். நான் வரமாட்டேன், அந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்றாள். பிள்ளை கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தனியாகப் போனார். மூன்றாம் நாள் திரும்பிவந்து, சாப்பாடு நன்றாக இருந்தது, பாயசம் இரண்டு வகை என்றார்.

சிவகாமியம்மாள் அந்த வாரமே போனக்காட்டுக்குக் கிளம்பினாள். விதுரை வரை பஸ், அங்கிருந்து தோட்டத்து லாரி. அந்த உடம்போடு லாரியில் ஏற இரண்டு ஆள் பிடிக்கவேண்டியிருந்தது. வழியெல்லாம் அவளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. தங்கைக்காகத் தான் ஒன்றைச் செய்துவிட்டோம், இத்தனை காலம் கழித்தாவது செய்துவிட்டோம் என்று.

கொட்டகையில் மங்கலம் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நரைத்திருந்தாள். ஆனால் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. இங்கே ராத்திரி குளிருக்குச் சாப்பிடாமல் இருக்க முடியாதுக்கா என்று தானாகவே சொன்னாள். அக்காளைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சாயா கொடுத்தாள்.

சிவகாமியம்மாள் கல்யாணச் செய்தியைச் சொன்னாள். மங்கலத்தின் கையிலிருந்த அகப்பை நின்றது. பிறகு மீதிக் குழந்தைகளுக்கும் ஊற்றி முடித்துவிட்டு வந்து, அக்காளின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன சேலை கட்டியிருந்தா?”

சிவகாமியம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“முகூர்த்தத்துக்கு. சிவப்பா, பச்சையா? தலைமுடி நீளமா இருக்கா? அவுக சாடையா, நம்ம சாடையா?”

தான் போகவில்லை என்று சிவகாமியம்மாள் சொன்னாள். ஏன் போகவில்லை என்பதையும் சொன்னாள். வழியெல்லாம் எப்படிச் சொல்லவேண்டும் என்று நினைத்துவந்தாளோ அப்படியே சொன்னாள். அந்த அநியாயக்காரர்கள் வீட்டில் கை நனைக்க மனம் ஒப்பவில்லை என்று.

மங்கலம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அழுதது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போயிருக்கலாம்லாக்கா” என்றாள். “நீ போயிருந்தா எனக்கு வந்து சொல்லியிருப்பியே.”

அத்தான் சொன்னதாவது ஏதாவது உண்டா என்று கேட்டாள். பாயசம் இரண்டு வகை என்று சொன்னதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. சிவகாமியம்மாளும் கேட்டிருக்கவில்லை. கீழே போகும் லாரி வெளியே ஹாரன் அடித்தது.